இந்திராணி வீட்டு வெயில்

நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் ஆடி மாதத்தில் ஒரு தரம் தொப்பிமலை எஸ்டேட்டுக்கு ஏறிப் பார்க்கலாம். நம்பிக்கை வருகிறதோ இல்லையோ, சளி கட்டாயம் வரும். ஆனி பிறந்தால் அங்கே மழை உட்காரும், உட்கார்ந்தால் ஐப்பசி கழிந்துதான் எழுந்திருக்கும். அந்த ஐந்து மாதமும் உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீராகிவிடும், தீக்குச்சியை உரசினால் மருந்து பெட்டியிலேயே இழுகிக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் போட்ட செருப்பில் புதன்கிழமை காளான் பூத்திருக்கும், கல்யாணப் பட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், செத்தவர்களின் போட்டோ என்று வீட்டில் எது பெருமையோ அதில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். அப்படியாப்பட்ட ஊரில், தகரக்கூரை போட்ட லைன் வீட்டில், ஒரு கம்ப்யூட்டர் ஏழு வருஷம் தும்மல்கூடப் போடாமல் ஓடியது என்றால் அதற்கு இந்திராணி ஒருத்திதான் காரணம்.

இந்திராணி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பிள்ளை இல்லாத வீடு என்று ஊர் பரிதாபப்பட்டபோது, அந்தப் பரிதாபத்தை வாசலோடு நிறுத்திவிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்துக்கொண்டு, தொப்பிமலையின் மூன்று வரிசை லைன் வீடுகளுக்கும் அவளே ஆபீஸ் ஆனாள்: ரேஷன் கார்டு விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வரன் பார்க்க விவரம், துரைமார்களுக்கு மனு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மெஷினைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருந்தாள், ஏனென்றால் அந்த ஊரில் சுவர்தான் முதல் எதிரி. மேஜைக்கடியில் நாற்பது வாட் குண்டு பல்பு ராப்பகலாக எரியும். செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போட்டுத் தருவார்களே ஒரு சின்னப் பொட்டலம், அந்த ஜாதியில் நீல மணிகளை வாங்கித் துணியில் முடிந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். மணி ரோஸ் நிறமானால் அது வயிறு முட்டக் குடித்துவிட்டது என்று அர்த்தம், வாணலியில் லேசாக வறுத்தெடுத்தால் மறுபடி நீலமாகும். அவள் வாணலியை அடுப்பில் ஏற்றினாலே இன்றைக்கு வடை போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் எட்டிப் பார்ப்பாள், பார்த்தால் மணி வறுபட்டுக்கொண்டிருக்கும்.

அவள் புருஷன் பெரியநாயகம் எஸ்டேட் பேக்டரியில் டிரையர் பார்க்கிறவர். பச்சை இலை வாடி, நசுங்கி, சிவந்து, கடைசியில் அவரிடம் வந்துதான் சூட்டுக்காற்றில் காய்ந்து தேயிலையாகும். முப்பது வருஷமாக அவருக்கு அதே வேலை. மனுஷன் நல்லவர், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்வதும் மாடசாமி கோயில் தூணிடம் சொல்வதும் ஒன்றுதான். ஆனிக் கடைசியில் வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் என்று கோயம்புத்தூர் புறப்பட்ட அன்றைக்கு இந்திராணி பையைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட வாயால சொன்னா நிக்காது. இதுக்குள்ள பேசி வச்சிட்டுப் போறேன். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போட்டுக் கேளுங்க, கேட்டபடி செய்ங்க. எங்க அமுக்கணும்னு மரியபுஷ்பத்துக்குத் தெரியும்."

காதில் மாட்டுகிற மைக்கை மாட்டிக்கொண்டு பதினோரு நிமிஷம் பேசினாள், தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி, நடுவில் இருமி, நடுவில் சிரித்து. பெரியநாயகம் குடையும் பையுமாக வாசலில் நின்று பஸ் வருகிற வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் இந்திராணி ஆம்புலன்ஸில் திரும்பி ஏறி வந்தாள், உயிர் மட்டும் கீழேயே நின்றுவிட்டது.

அவளை முன்னறையில் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் காட்டிலிருந்து அப்படியே, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவோடும் காலில் ஏறிய அட்டையோடும், தண்ணீர் சொட்டச் சொட்டத் துட்டிக்கு வந்தார்கள். வந்தவர்கள் முறைப்படி ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார்கள், சத்தம் வந்தது, மூக்கு விடைத்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, கண்ணீர் மட்டும் வரவில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தார்கள். சேலைத் தலைப்பை எடுத்துத் துடைக்கப் போனால், சொட்டச் சொட்ட வந்த தலைப்பு மொடமொடவென்று வெளுத்த துணி மாதிரி இருந்தது. தலைமுடி சிக்குப் பிரிந்து காற்றில் பறந்தது. காலில் ஏறிய அட்டை மிளகாய்க் காம்பு மாதிரி சுருண்டு உதிர்ந்தது. நீர்மாலைக்கு ஆண்கள் ஓடைக்குப் போய்ச் சங்கு ஊதி எடுத்து வந்த குடம் வாசற்படிவரை தளும்பியது, உள்ளே கொண்டுவந்து சரித்தால் ஒரு சொட்டு இல்லை. மூன்று தரம் போய் எடுத்து வந்தார்கள், மூன்று தரமும் அதே கதை. கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி, மழைக்குத் தார்ப்பாய் பிடித்து, அவளை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் குளிப்பாட்டினார்கள்.

மணி ஐந்தானது. பொணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியநாயகம் எழுந்து போய் மரியபுஷ்பத்திடம், "அஞ்சாச்சு. அதைப் போடு" என்றார். அவள் பயந்துகொண்டே போட்டாள். செத்தவள் கிடக்க, செத்தவள் குரல் எழுந்து, "முதல்ல அந்தப் பல்பு எரியுதான்னு பாருங்க" என்றது. பெரியநாயகம் குனிந்து பல்பைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது.

அதிசயம் என்பது மூன்று நாள்தான் அதிசயம், நான்காம் நாள் அது வசதி. முதல் நாள் அது இந்திராணியின் ஆசை என்றார்கள், இரண்டாம் நாள் வயரிங்கில் ஏதோ கோளாறு என்றார்கள், மூன்றாம் நாள் பாதிரியாரும் பூசாரியும் தனித்தனியாக வந்து பார்த்து, இருவரும் அவரவர் நனைந்த குடையைச் சுவரோரம் விரித்து வைத்துவிட்டு, காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் காலையில் நதியா, பிரசவமாகி இரண்டு மாதமான கைப்பிள்ளைக்காரி, ஒரு வாளி நிறையக் குழந்தைத் துணியோடு வாசலில் வந்து நின்று, "அண்ணே, துக்க வீட்டுல கேக்கக் கூடாதுதான், ஒரு பத்து நிமிசம் இங்க விரிச்சுக்கிடட்டா? பதினாலு நாளா பிள்ளைக்குக் காஞ்ச துணி இல்ல" என்றாள். பெரியநாயகம் விலகி வழிவிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்புறம் என்னத்தைச் சொல்ல! செவ்வாய்க்கிழமை மிளகும் ஏலமும், புதன் குழந்தைத் துணி, வியாழன் பள்ளிக்கூடச் சீருடை, வெள்ளி சான்றிதழ், பத்திரம், போட்டோ, சனி கோயில் தவிலும் மாதா கோயில் ஆர்மோனியமும் பக்கத்தில் பக்கத்தில் என்று மரியபுஷ்பம் முறை வைத்தாள். தொப்பிமலையில் பிறந்து வளர்ந்த எவளும் கண்டிராத விதமாக ஆடி மாதத்தில் வடகம் பிழிந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் துரைக்கண்ணு சங்கக் கொடியையும் பத்து வருஷக் கூட்டக் குறிப்பையும் கொண்டுவந்து விரித்துவிட்டு, காய்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் தாமே படித்துத் தாமே மெச்சிக்கொண்டார். அந்த அறைக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. "இந்திராணி வீட்டு வெயில்ல இடம் இருக்கா?" என்று ஒருத்தி தகரச் சுவரைத் தட்டிக் கேட்பாள், "ஒரு பாவாடைக்கு இருக்கு, வா" என்று இன்னொருத்தி குரல் கொடுப்பாள். கீழ் டிவிஷனிலிருந்தெல்லாம் பெண் கொடுக்க யோசித்தவர்கள், இந்திராணி வீடு இருக்கிற மேல் டிவிஷன் என்றால் சரி என்று சொல்ல ஆரம்பித்தார்கள், இது பொய்யில்லை.

கொடிகளுக்கும் முறங்களுக்கும் நடுவில், மெஷினுக்கு எதிரே ஒரு நாற்காலியில், பெரியநாயகம் இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் எழுந்தார், பேக்டரிக்குப் போனார், வந்தார், மரியபுஷ்பம் கொண்டுவந்து வைத்ததைத் தின்றார், ஐந்து மணிக்கு அவள் கற்றுக்கொடுத்த இடத்தில் அமுக்கினார். குரல் பேச ஆரம்பித்ததும் உட்கார மாட்டார், ஒவ்வொன்றாகச் செய்யப் போய்விடுவார்: மணியை வறுக்கப் போவார், மேஜையை இன்னொரு விரற்கடை தள்ளப் போவார், மின்விசிறிச் சந்தில் தூசு தட்டப் பிரஷ் தேடுவார். "பிளாஸ்டிக் உறை போட்டு மூடிறாதீங்க, மூடினா உள்ளுக்குள்ளயே வேர்த்துச் செத்துப்போவும்" என்று அது சொல்லும்போது அவர் அடுக்களையில் இருப்பார். இவ்வளவு காய்ந்த அறையில் எதற்கு இத்தனையும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சொல்லியிருக்கிறாள், செய்தார். இந்தக் குரல் ஒன்றுதான் அவருக்கு மிச்சம், இது பழுதாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் தலைக்குள் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்திலும் அவர் அழவில்லை.

"அழுதுருங்கண்ணே, உள்ளயே வச்சா ஆகாது" என்றாள் மரியபுஷ்பம்.

"வரலியே புஷ்பம்."

"இங்க யாருக்கு வந்துச்சு? வெளிய போயி அழுங்க."

அவர் சொன்ன பேச்சுக்கு எழுந்து போய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் மழையில் நின்று பார்த்தார். முகமெல்லாம் தண்ணீர் ஓடியது, அதில் ஒரு சொட்டும் அவருடையது இல்லை. அந்த அறையிலேயே தூங்கி எழுந்து அந்த வறட்சி அவர் எலும்புவரை இறங்கியிருந்தது. வாய் எச்சில் ஊறுவதில்லை, உதடு பாளம் பாளமாக வெடித்தது, இருமினால் உமி பறக்கும் போலிருந்தது. நனைந்த சட்டையோடு திரும்பி உள்ளே வந்தார், வாசல் தாண்டியதும் சட்டை காய்ந்துவிட்டது.

ஆவணியில் நதியாவுக்குப் பால் வற்றியது. துணி காய்கிற சாக்கில் அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்து பேச்சில் லயித்துவிடுவாள், மூன்றாம் நாள் பிள்ளை மாரைச் சப்பிச் சப்பி வீறிட்டது. ஊர் கொஞ்சம் பயந்தது, ஆனால் காய்ந்த துணியை விட மனசு வரவில்லை. பால்சுறாக் கருவாடு தேடிப் பிடித்துக் குழம்பு வைத்து அவளுக்குக் கொடுத்து, பால் திரும்புகிறவரை பொறுத்து, அப்புறம் பால் கொடுக்கிறவர்கள் உள்ளே வரக்கூடாது, துணியை ஜன்னல் வழியாகக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டது. கூடவே, கண்ணில் மருந்து போட்டவர்கள் வரக்கூடாது, வெற்றிலை போட்டுக்கொண்டு வரக்கூடாது, புதிதாகக் கல்யாணமானவர்கள் பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று இன்னும் மூன்று சட்டம் சேர்ந்தது. துரைக்கண்ணு அதை அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினார். பெரியநாயகம் அந்தக் கதவு வழியாகத்தான் போய் வந்தார், அவர் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை.

ஒருநாள் வறுக்கப் போனவர் அப்போதுதான் மணியைக் கவனித்தார். நீலமாகவே இருந்தது. செய்ய வேலை ஒன்றும் இல்லாததால் அவர் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து பதினோரு நிமிஷமும் கேட்டார். கேட்டு முடித்து, மறுபடி அமுக்கிக் கேட்டார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார்.

"புஷ்பம், இதுல பின்னால மழைச் சத்தம் இருந்துச்சுல்லா?"

மரியபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டாள். சொல் எல்லாம் அப்படியே இருந்தது, ஒரு எழுத்து குறையவில்லை. மழை இல்லை, இருமல் இல்லை, சிரித்த இடம் வெறும் இடைவெளியாக இருந்தது. "ஈரத்தோட மெஷினை ஆன் பண்ணாதீங்க" என்று ஒரு குரல் சொன்னது, பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எந்த நடைமேடை என்று சொல்லுமே, அந்தக் குரல்.

"ஐயய்யோ" என்றாள் அவள். "இது யாருண்ணே?"

அவருக்குத் திடுக்கென்றிருக்க வேண்டும். அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

மறு வாரம் பேக்டரியில் அது நடந்தது. முப்பது வருஷத்தில் நடக்காத தப்பு. டிரையரிலிருந்து கொட்டிய தூளை டீ மேக்கர் ஐயா உள்ளங்கையில் அள்ளி முகர்ந்தார், இன்னொரு தரம் முகர்ந்தார், பெரியநாயகத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்னய்யா வாசம் வருது?"

"ஒண்ணும் வரலிங்கய்யா."

"எப்படி வரும்? மூணு சதம் ஈரத்துல இறக்க வேண்டியதை ஒண்ணுக்குக் கொண்டு போயிட்டியே. கருகவும் இல்ல, ஒண்ணும் இல்ல, செத்துப்போச்சு. உனக்கு நான் சொல்லணுமாய்யா? அஞ்சு இருந்தா பூஞ்சை புடிக்கும், ஒண்ணுக்கு இறங்குனா வெறும் சருகு. அந்த மூணுலதானேய்யா டீ இருக்கு?"

பெரியநாயகத்துக்கு அவர் திட்டியது உறைக்கவில்லை. கையில் அந்தத் தூளை வாங்கிக்கொண்டு, எடை போடுகிற இடத்துக்கும் டிரையருக்கும் நடுவில் ரொம்ப நேரம் நின்றார். பார்க்கக் கறுப்பாக, அழகாக, எத்தனை வருஷம் வைத்தாலும் கெடாமல் இருக்கிற தூள். அன்றைக்கு ஷிப்ட் முடிகிறவரை நிற்காமல் வீட்டுக்கு நடந்தார். அறை நிறையச் சீருடை தொங்கியது. ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வெளிவாசலில் வைத்தார்.

சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. மெஷினை எடுத்துக்கொண்டு மரியபுஷ்பம் வீட்டில் வைக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும், துரைக்கண்ணு மேடைப் பேச்சுக் குரலில் ஆரம்பித்தார்.

"தம்பி பெரியநாயகம், யோசிச்சுச் சொல்லு. அவ வீட்டுச் சுவத்துல பாசி ஒரு விரக்கடை நிக்குது. அங்க வச்சா அரை நாள் தாங்குமா இது? இந்த ஊருக்குன்னு ஒரு வெயில் கிடைச்சிருக்கு. ஐப்பசி மழை இன்னும் பாக்கி கிடக்கு. பிள்ளைங்க இந்த வருசம்தான் இருமாமத் தூங்குதுங்க. நீ இதை எடுத்துட்டா, அது போச்சுன்னா?"

"போனாப் போவட்டும்."

"மெஷினும் போயிரும்யா! அவ குரலும் போயிரும்!"

"குரல் போயிருச்சுண்ணே" என்றார் பெரியநாயகம். "சொல்லுதான் இருக்கு. அரை நாள் போதும்."

யாரும் வழிவிடவில்லை, யாரும் மறிக்கவும் இல்லை. துக்கக்காரன் கையை எப்படிப் பிடிப்பது! மரியபுஷ்பம்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து டிவிப்பெட்டி மாதிரி கனத்த அந்த மானிட்டரை அடியிலிருந்த பெட்டியோடு சேர்த்து மறுபக்கத்தில் பிடித்தாள். கதவுக்குக் கதவு இருபது அடி இருக்கும். ஒரு சாக்கை எடுத்து மேலே போடு என்று யாரோ கத்தினார்கள், அவர் போடவில்லை. மழை மெஷினின் தலையில் விழுந்தது, மெதுவாக நடந்தார்கள், ஊர் முழுக்கக் குடையோடு இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. அவர்கள் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் காலியான அறையின் சுவரில் முத்து முத்தாக வேர்த்தது, கொடியில் மிச்சமிருந்த ஒரு பாவாடை கனத்துத் தொங்கியது. பெண்கள் அவரவர் துணியை வாரிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் அந்த வரிசையில் யாரும் பெரியநாயகத்தோடு பேசவில்லை.

மரியபுஷ்பத்தின் வீட்டில் அடுப்புப் புகை ஒரு பக்கம், அரிசிப் பானைக்குள் வண்டு ஒரு பக்கம், கதவு நிலையில் வரிசையாகக் காளான். அரிசி டிரம்மின் மூடிமேல் மெஷினை வைத்தார்கள். பல்பு இல்லை, மணி இல்லை, சுவரோடு ஒட்டி வைத்தார். முதல் நாள் போட்டபோது பஸ் ஸ்டாண்டுக் குரல்தான். இரண்டாம் நாள் ஒரு வாக்கியத்துக்கும் இன்னொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது, பெரியநாயகம் மரியபுஷ்பத்தைப் பார்த்தார், அவள் தலையாட்டினாள். மூன்றாம் நாள் மிகத் தூரத்தில், அடுத்த மலையில் பெய்கிற மாதிரி, மழை. திரையின் மூலையில் அதற்குள் கறுப்பாகப் பூஞ்சை இறங்கியிருந்தது, பெட்டிக்குள் ஏதோ கிர்ரென்று இழுத்தது. இன்னொரு தரம் போட வேண்டாம், நாளைக்கு ஒரு தரம் தாங்கினால் போதும் என்று அவர் அணைத்துவிட்டார்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போனவர்கள் திரும்பிய மத்தியானம். போட்டதும் தகரத்தில் மழை இறங்கியது; வெளியே பெய்கிற மழை எது உள்ளே பெய்கிற மழை எது என்று பிரிக்க முடியவில்லை. அதற்கு மேலே ஏறி இந்திராணி, "முதல்ல அந்தப் பல்பு எரியுதான்னு பாருங்க, பார்த்தீங்களா, பார்த்திருக்க மாட்டீங்க" என்றாள். அடுத்த வீட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்த நதியா எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள், கோபத்தை எல்லாம் அவரவர் வாசலில் விட்டுவிட்டு வந்து, அடுக்களையில், நடையில், வெளியே இறவாரத்தில் என்று நெருக்கியடித்து நின்றார்கள். இந்திராணி இருமினாள். "துரைக்கண்ணு அண்ணன் மனு அடிக்க வந்தா சட்டையைப் பிழிஞ்சுட்டு வரச் சொல்லுங்க, மனுசன் ஒரு குடம் தண்ணியோட வந்து மெஷின்கிட்ட நிப்பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், இறவாரத்தில் நனைந்துகொண்டு நின்ற துரைக்கண்ணுவும் சிரித்தார், சிரித்தவர் அப்படியே துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். பெண்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சத்தம் போடாமல் அழுதார்கள், குரலைக் கேட்க வேண்டுமே.

பெரியநாயகம் டிரம்முக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் தாண்டியது.

"அவ்வளவுதான். இதெல்லாம் செய்ங்க. நான்" என்றாள் இந்திராணி, நிறுத்தினாள். தொண்டையில் எதையோ விழுங்கினாள். விழுங்கிய சத்தம் அந்த வீடு முழுக்கக் கேட்டது. "நான் வர்றதுக்குள்ள இதைப் பாழாக்கி வச்சீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

அந்த வாக்கியத்தை அவர் இத்தனை நாளும் கேட்டிருக்கிறார். காய்ந்த குரலில் அது ஒரு வாக்கியம். இப்போதுதான் தெரிந்தது, அவள் பயந்திருக்கிறாள். திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்து, நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல், சொன்னதையே இன்னும் கொஞ்சம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மழைக்குப் பின்னால், வாசல் பக்கத்திலிருந்து, ஒரு ஆண் குரல் கேட்டது. பெரியநாயகத்துக்கு அது தன் குரல் என்று பிடிபட ஒரு கணம் ஆனது.

"போதும் இந்திரா, எந்திரி. பஸ் போயிரும்."

"இந்தா வந்துட்டேன்" என்றாள் அவள்.

படக்கென்று ஒரு சத்தம், திரை இருண்டது. பெட்டியின் முதுகிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்து அடுப்புப் புகையோடு சேர்ந்துகொண்டது. மரியபுஷ்பம் பாய்ந்து வயரைப் பிடுங்கினாள்.

ஊருக்கு இத்தனை நாள் பழக்கம், ஆளுக்கொரு கை நீண்டுவிட்டது. "எடு எடு, அடுப்புப் பக்கம் வை" என்றாள் நதியா. "அரிசிக்குள்ள புதைச்சு வைங்க" என்றாள் இன்னொருத்தி. துரைக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்: "பேக்டரி டிரையர்ல ஒரு மணி நேரம் வச்சா ஓடும்யா, உன் கையிலதானே டிரையர் இருக்கு, டீ மேக்கர்கிட்ட நான் பேசுறேன். ஏ, தூக்குங்கப்பா."

பெரியநாயகம் மெஷின்மேல் கையை வைத்து மறித்தார். வாயைத் திறந்தார், உதடு கோணிக்கொண்டு போனது, மூக்கு ஒழுகியது, கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடியில் நின்று அங்கிருந்து சட்டையில் சொட்டியது, அவர் அதைத் துடைக்கவில்லை.

"காய வைக்க வேண்டாம், விடுங்க" என்றார். "அவ செத்து எம்பத்து நாலு நாளாச்சு."